ஹஃப்ஸாவின் முட்டி வலி

ஹஃப்ஸாவுக்கு முட்டி வலி என்பது ராஜபாளையத்தில் அவள் குடியிருந்த தெருவுக்கே தெரியும். முட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருவர் அவள் வீட்டுக்காரர் அபுதாஹிர்.

வலி இருந்தது பின்னிடுப்பில். மதுரை ஆஸ்பத்திரியில் மூன்றாவது தடவையாகக் கருப்பையில் கரு வைத்து அனுப்பியிருந்தார்கள். அது தங்குவதற்காகத் தினமும் ஒரு ஹார்மோன் ஊசி. எண்ணெயில் கலந்த மருந்து, சதையில் ஆழமாகப் போட வேண்டும். பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் ஊசியை உருவுவதற்குள் சேதி தெருமுனையைத் தாண்டியிருக்கும். முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் ஆயிற்று. கரு தங்கவில்லை என்றதும் பெண்கள் மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வருவதுபோல வரிசையாக வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். அந்த நல்ல மனசைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடுவதில்லை, ஊசியும் தானே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள். வயதும் முப்பத்தேழு ஆகிவிட்டது. இதுதான் கடைசி என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

மதுரை நர்ஸ் நாகஜோதி எங்கே குத்த வேண்டும் என்று பேனாவால் குறி போட்டுக் காட்டியிருந்தாள். ஹஃப்ஸா தையல்காரி, ஊசிக்குப் பயப்படுகிற கை இல்லை. பீரோ கண்ணாடி முன்னால் உடம்பைத் திருப்பி நின்று போட்டுக்கொண்டாள். ஆனால் கூடவே ஒரு அதிபுத்திசாலித்தனமும் செய்தாள். தொழுகையின் கடைசி இருப்பில் பெண்கள் இடப்பக்கம் தரையில் படிய உட்கார வேண்டும். அந்தப் பக்கம் வலிக்கக் கூடாதென்று எல்லா ஊசியையும் வலப்பக்கமே குத்தினாள். ஒரே வாரத்தில் அங்கே நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டிக்கொண்டது. ஸ்டூலில் ஒருக்களித்து உட்கார்ந்து மெஷினை மிதித்தாள். சேத்தூரிலிருந்து ஜாக்கெட் தைக்க வந்த ஆனந்தவல்லி, "என்னக்கா, ஒரு பக்கமாச் சாஞ்சே இருக்கீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

ஹஃப்ஸா அன்றைக்கே நாகஜோதிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஒரே பக்கம் குத்துனா கட்டாம என்ன செய்யும்? ஒரு நாள் வலது, ஒரு நாள் இடதுன்னு மாத்திப் போடுங்க. மருந்தச் செத்த நேரம் உள்ளங்கையில பொத்தி வச்சுருங்க, எண்ணெய் எளகட்டும். மெதுவா ஏத்துங்க. பொறவு லேசா நீவிட்டு வீட்டுக்குள்ளயே நடங்க. வெதுவெதுன்னு ஒத்தடம் குடுங்க, கொதிக்கக் கொதிக்க வேண்டாம். செவந்து காந்துனாலோ காய்ச்சல் அடிச்சாலோ ஒடனே சொல்லிரணும்."

அப்படியே செய்தாள். கட்டிகள் இளகின, வலியும் பொறுக்கும்படி ஆயிற்று. ஆனால் இப்போது இடப்பக்கமும் வலித்தது. வெள்ளிக்கிழமைதோறும் எதிர்வீட்டு சௌதா வீட்டில் பெண்கள் கூடி அஸர் தொழுவது வழக்கம். அங்கே ஹஃப்ஸா நாற்காலி கேட்டாள். இந்த வயதில் நாற்காலி எதற்கு என்று எல்லோரும் திரும்பிப் பார்க்க, வாயில் வந்தது முட்டி.

அவ்வளவுதான், தெரு வைத்தியத்தில் இறங்கிவிட்டது. சௌதா முடக்கத்தான் கீரையை அரைத்து தோசைமாவில் கலந்து கொடுத்தனுப்பினாள். பக்கத்து வீட்டு நாஜியா தன் மாமியாருக்கு வாங்கிய தைலத்தைக் கொண்டுவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து தேய்க்கச் சொன்னாள். ஹஃப்ஸாவும் நல்லாயிருந்த முட்டியைப் போட்டுத் தேய்த்தாள். அபுதாஹிருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புக் கடை. கடையை அடைத்து பஸ் ஏறி வந்ததும், ஒத்தடத்துக்குத் துணியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டே, "முட்டி எம்புட்டு தேவல?" என்று கேட்பார். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை. வலிக்கிற வரைக்கும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அவளுக்கு ஒரு தைரியம். புரண்டு படுக்கும்போது சுரீரென்றாலும் சந்தோஷமாகவே இருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிந்து மதுரையிலிருந்து போன் வந்தது. தங்கவில்லை, ஊசியை நிறுத்திவிடுங்கள் என்றார்கள். அன்று அபுதாஹிர் கடை திறக்கவில்லை.

ஊசி நின்றதும் கட்டிகள் கரையத் தொடங்கின. ஹஃப்ஸாவுக்கு அது பிடிக்கவில்லை. வலி மிச்சம் இருக்கிறதா என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஒரு நாள் எங்கே அழுத்தியும் வலிக்கவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலி கேட்க அவளுக்குக் காரணம் இல்லை. மற்றவர்களோடு பாயில் உட்கார்ந்தே தொழுதாள். சலாம் கொடுத்துத் திரும்பியதும் சௌதா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி ஹஃப்ஸா, கீழ உக்காந்துட்டியே! வலி போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

"சுத்தமாவா?"

"சுத்தமா ஒண்ணுமில்லக்கா."

சௌதாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அல்ஹம்துலில்லாஹ்! எல்லாரும் கையேந்துங்கம்மா. நம்ம புள்ளைக்கு அல்லாஹ் சொகத்தக் குடுத்துருக்கான், ஒரு துஆ செஞ்சிருவோம்."

பெண்கள் எல்லோரும் சந்தோஷமாகக் கையேந்தினார்கள். சௌதா ஒவ்வொன்றாக நன்றி சொல்லச் சொல்ல, மற்றவர்களோடு சேர்ந்து ஹஃப்ஸாவும் ஆமீன் சொன்னாள்.