தயாமயியின் கல்தட்டு

பெயர் தயாமயி. தயை பெயரோடு சரி. இச்சாமதி ஆற்றங்கரையில் எங்கள் பாகுல்தாங்கா ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆண்பிள்ளை கிடையாது. நான் அந்த ஊர் நாவிதப் பெண் கிரிபாலா. சுமங்கலிகளுக்குக் காலில் செம்பஞ்சு பூசுவதும் எல்லோருக்கும் நகம் வெட்டுவதும் என் பிழைப்பு. ஒரு வீடு பாக்கியில்லாமல் அடுப்பங்கரை வரை போகிறவள் ஊரில் நான் ஒருத்திதான். ஆகவே இந்தக் கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. ஆண்களைக் கேட்டால் தங்கள் கம்பின் பெருமையைத்தான் அளப்பார்கள்.

தயாமயி விதவை. செம்பஞ்சு கிடையாது, மீன் கிடையாது. ஒரு வேளைச் சோறு, அதுவும் கருங்கல் தட்டில். ஏகாதசியன்று பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. எங்கள் பக்கத்து விதவைகள் எல்லோருக்கும் இதே விதிதான் என்றாலும், இவள் ஆசாரம் ஒரு படி மேல். வேலிக்கு அந்தப் பக்கம் முசல்மான் பெண் ஜோய்குன் பீபியின் வீடு. ஒரு நாள் ஜோய்குனின் கோழி இவள் முற்றத்தைக் குறுக்கே கடந்துவிட்டது. முற்றம் முழுக்கச் சாணி தெளித்துவிட்டு வேலியோரம் வந்து நின்றாள்.

"உன் கோழிக்கு வேற வழி தெரியாதா? இன்னொரு தடவ வந்தா கழுத்தத் திருகி ஆத்துல போட்டுருவேன்!"

"ஆத்துல எதுக்கு தீதி போடணும்? குழம்புல போடுங்க, நல்லாருக்கும்!" என்றாள் ஜோய்குன். தீதி என்றால் அக்கா; மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை.

அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஆனால் ஏச்சு மட்டும் நிற்கவில்லை.

ஊரே கொதித்ததற்குக் காரணம் நீலச் சாயத்துக்கான அவுரிச் செடி. ஆற்று வளைவில் வெள்ளைக்கார சாகேபின் அவுரித் தொழிற்சாலை இருந்தது. நாங்கள் அதைக் கோட்டி என்போம். எவனுடைய நிலம் நன்றாக விளையுமோ, எது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்குமோ, அங்கே கோட்டியின் குமாஸ்தா கொம்பு நட்டுவிட்டுப் போவான். அங்கே இனி நெல் கூடாது, அவுரிதான். என்றோ பாட்டன் கை நாட்டு வைத்து வாங்கிய முன்பணம் பேரன் தலையிலும் தீராது. அவுரியை அறுத்துக் கொண்டுபோய்க் கொட்டினால் கூலிக்கும் காணாது. அந்தச் செடியை மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதை வைத்து மனுஷன் என்ன செய்வான்?

தயாமயியின் புருஷன் முடியாது என்றான். கோட்டிக்காரர்கள் அவனைத் தூக்கிப் போய்க் கிடங்கில் அடைத்தார்கள். திரும்பி வந்தவன் காய்ச்சலில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் வீடு புகுந்து பசுவை ஓட்டிப்போனார்கள், பித்தளைப் பாத்திரமெல்லாம் வாரிப்போனார்கள். கல்தட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். விதவையின் தட்டை எவன் தொடுவான்! குளத்தங்கரை நிலமும் அந்தத் தட்டும்தான் அவளுக்கு மிச்சம்.

அந்த வருஷம் ஒரு சேதி வந்தது. பக்கத்து ஜில்லா மாஜிஸ்திரேட் பரவானா உத்தரவு போட்டிருக்கிறாராம், நிலம் குடியானவனுடையது, எதை விதைப்பது என்பது அவன் இஷ்டம் என்று. அடடா, அந்த ஒரு வார்த்தைக்கு ஊர் துள்ளிய துள்ளல்! இந்துக்கள் ஆற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தியும், முசல்மான்கள் குர்ஆனைத் தொட்டும் சத்தியம் செய்தார்கள். செத்தாலும் இனி அவுரி விதைப்பதில்லை. கோட்டி ஆட்கள் வந்தால் முரசு அடிக்க வேண்டும், கேட்கிற ஊரெல்லாம் ஓடிவர வேண்டும் என்று ஏற்பாடு. கவண்காரர்கள் ஒரு அணி, கெட்டிப்பட்ட வில்வக்காய் எறிபவர்கள் ஒரு அணி, செங்கல்லுக்கு ஒரு அணி. பெண்களுக்கு? பித்தளைத் தட்டும் சுட்ட மண்பானையும். தட்டைப் படுக்கைவாட்டில் பிடித்துச் சுழற்றி விட்டால் கழுத்தைத் தேடிப் போகும். குளக்கரையில் பழகினோம். ஜோய்குனின் கைவீச்சைப் பார்த்து அவள் புருஷனே அன்றிலிருந்து மரியாதையாகப் பேசினான்.

பங்குனியில் ஒரு காலை முரசு அதிர்ந்தது.

கோட்டியின் கம்புக்காரர்கள் படகிலிருந்து இறங்கி வந்தார்கள். பின்னால் ஏர், அதற்கும் பின்னால் பல்லக்கில் குமாஸ்தா. நேரே தயாமயியின் நிலத்துக்குத்தான் வந்தார்கள். கேட்க ஆளில்லாத நிலம் என்ற நினைப்பு. ஏர் முனை மண்ணில் இறங்கியதும் ஜோய்குன் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. வில்வக்காய் பறந்தது, செங்கல் பறந்தது, தட்டுகள் வெயிலில் பளபளவென்று சுழன்றன. மண்டை உடைந்தவன் ஓடுகிறான், ஏர்க்காரன் மாட்டை விட்டுவிட்டு ஓடுகிறான். நானும் என் தட்டை வீசினேன். அது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது, ஆனால் என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

வெறுங்கையோடு நின்றவள் தயாமயி ஒருத்திதான். திடீரென்று வீட்டுக்குள் ஓடினாள். கல்தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தீதி, அது வேணாம்! அதுலதான சாப்பிடணும்!" என்று கத்தினேன்.

"நெலம் போனா எத வச்சு சாப்பிடுறது?"

வீசினாள். பல்லக்கிலிருந்து இறங்கி ஓடப் பார்த்த குமாஸ்தாவின் முழங்காலில் போய் விழுந்தது. 'ஐயோ'வென்று அவன் சாய, தட்டு இரண்டாகப் பிளந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்கள் அந்த இரண்டு துண்டையும் தூக்கிப்போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

வெற்றிக் கூத்து அடங்குவதற்குள் கோட்டியிலிருந்து சேதி வந்தது. அந்தக் களேபரத்தில் வீசியது யாரென்று அவர்கள் பார்க்கவில்லை, துண்டுகள்தான் சாட்சி. பித்தளைத் தட்டு எல்லா வீட்டிலும் உண்டு. கல்தட்டு விதவை வீட்டில் மட்டும்தான். எந்த விதவையிடம் தட்டு இல்லையோ அவளுக்குச் சிறை, அவள் நிலம் குமாஸ்தாவின் காலுக்கு நஷ்ட ஈடாகக் கோட்டிக்கு.

போலீஸ் தரோகா இந்து, கெட்டிக்காரன். துவாதசி காலையில் வந்து இறங்கினான். ஏகாதசிப் பட்டினி முடிந்து விதவைகள் எல்லோரும் தட்டின் முன்னால் உட்காரும் நேரம். புதுத் தட்டு வாங்க ஆற்றைத் தாண்டிப் போகலாம் என்றால், படகுத்துறையில் முந்தின நாளே காவல் போட்டுவிட்டான். பெண்கள் இருக்கும் இடத்தைக் காட்ட ஆள் வேண்டுமே? என்னைப் பிடித்துக்கொண்டான்.

முதலில் காந்தமணி வீடு. காது கேட்காத கிழவி. சாப்பிட்டுக் கழுவிய தட்டைக் கிணற்றடியில் கவிழ்த்திருந்தாள். தரோகா பார்த்தான், தலையாட்டினான். அப்போது வேலிக்கு வெளியே சாணிக் கூடையோடு ஜோய்குன். நான் அந்தத் தட்டைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், தயாமயி வீட்டுத் திசையில் கண்ணைக் காட்டினேன். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. புரிந்ததா, மண்டையில் ஏறவில்லையா?

அதற்குப் பிறகு நான் நடந்த நடை இருக்கிறதே! காலில் முள் குத்தியதாக நொண்டினேன். கோயிலைக் கண்டால் கும்பிட்டேன். தரோகாவின் கால் நகம் பார்க்கச் சகிக்கவில்லை, வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு நட!" என்றான்.

மற்ற வீடுகள் முடிந்து கடைசியில் தயாமயியின் வீடு. பானையில் பச்சரிசிச் சோறு, பக்கத்தில் வேகவைத்த வாழைக்காய். அவள் முன்னால் காந்தமணியின் கல்தட்டு! விளிம்பில் ஒரு கீற்று ஈரச் சாணி. வேலியோரம் காலிக் கூடையோடு ஜோய்குன், மூச்சிரைக்க நின்றாள்.

தரோகா தட்டைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், ஜோய்குனின் தோளில் வழிந்த சாணியையும் பார்த்தான். சிரித்தான்.

"இது உன் தட்டுதானாம்மா?"

"பின்ன உங்க வீட்டுதா?"

"கோவிச்சுக்காத. உன் தட்டுன்னா அதுல சோத்தப் போட்டு சாப்பிடு, நான் பாட்டுக்குப் போயிடறேன். இந்தப் பீபி கூடையில வந்த தட்டா இருந்தா நீ கை வைக்கமாட்ட. உங்க ஆசாரம் எனக்குத் தெரியாதா? எங்கம்மாவும் கல்தட்டுலதான் சாப்பிடுறா."

பாவி, சரியான இடத்தில் பிடித்துவிட்டான். தயாமயியின் கை மடியிலேயே கிடந்தது. கோழி நடந்த முற்றத்தைக் கழுவியவள். சாப்பிட்டால் சாதிசனம் அடுப்புக்கு நெருப்புக்கூடத் தராது. சாப்பிடாவிட்டால் நிலம் போச்சு, புருஷன் செத்ததும் வீண். அவள் ஜோய்குனைப் பார்த்தாள். ஜோய்குன் தலையைக் குனிந்துகொண்டாள்.

தயாமயி அகப்பையை எடுத்தாள். சோற்றைத் தட்டில் போட்டாள், வாழைக்காயைப் பிசைந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்தாள். தண்ணீர் குடித்து விழுங்கினாள். இரண்டாவது கவளம் எடுத்தாள். பட்டினி கிடந்த வயிறு அப்புறம் யாரையும் கேட்கவில்லை. கடைசிப் பருக்கை வரை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போதுமா? இல்ல, நான் கை கழுவுறதையும் பாத்துட்டுத்தான் போவீங்களா?"

தரோகா எழுந்து போனான். படகு நகரும் வரை மூச்சு விடாமல் நின்ற நான், பிறகு முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஜோய்குன் மெல்லச் சொன்னாள்.

"சாணிக்கு அடியில வச்சுத்தான் கொண்டாந்தேன் தீதி. உங்க சாஸ்திரத்துக்கு சுத்தம்தான?"

ஆனால் ஊர் விடுமா? புரோகிதர் வந்தார், பிராயச்சித்தம் என்றார், பஞ்சகவ்யம் சாப்பிட வேண்டும் என்றார்.

"சாணிதான் தட்டுலயே இருந்துச்சே, தின்னாச்சு. நீங்க கெளம்புங்க!" என்றாள் இவள். அவர் போன வேகத்தில் குடையை மறந்துவிட்டார்.

அந்த வருஷம் எங்கள் ஆண்கள் பலர் சிறைக்குப் போனார்கள். கல்கத்தாவிலிருந்து கமிஷன் உட்கார்ந்தது, குடியானவர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. விருப்பமில்லாதவனை அவுரி விதைக்கச் சொல்லக்கூடாது என்றாயிற்று. சாகேபு கோட்டியைப் பூட்டிக்கொண்டு மேற்கே போனான். ஜமீன்தார் சும்மா இருப்பாரா? நில வாரத்தை ஏற்றினார். அது வேறு சண்டை. நிலத்தில் நெல் நின்றது, அது போதும் எங்களுக்கு.

கார்த்திகை கழிந்து புதுநெல் வந்தது. புத்தரிசித் திருநாளன்று நகம் வெட்ட நான் தயாமயி வீட்டுக்குப் போனேன். தாழ்வாரத்தில் ஜோய்குன் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அதே கல்தட்டு, குளத்தங்கரை நிலத்துப் புதுச்சோறு. காந்தமணி அதைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டாள், இனி வாழையிலை போதுமாம்.

"எலையில போடுங்க தீதி, எனக்கு எதுக்குத் தட்டு?"

"பேசாம தின்னு. கோழிய வளக்கத் தெரியும், சோறு திங்கத் தெரியாதா?"

ஜோய்குன் சாப்பிட்டு எழுந்தாள். தட்டை எடுக்கக் குனிந்தவளின் கையைத் தயாமயி தட்டிவிட்டாள். தானே அதைக் குளத்துக்கு எடுத்துப் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட முன்னால் வைத்து, பானையில் மிச்சமிருந்த புதுச்சோற்றைத் தனக்குப் போட்டுக்கொண்டாள்.