செத்தவனைக் கேட்காமல் எடுத்த படம்

சுவிட்சர்லாந்தின் வில் நகருக்கு வெளியே ஒரு புல்வெளியில், இருநூறு வருடத்துக்கு முந்தைய போர் ஒன்றை நடித்துக் காட்டுகிறார்கள். பீரங்கிப் புகையோடு சுட்ட இறைச்சிச் சாசேஜ் மணமும் வருகிறது. என் காலடியில் நீலக் கோட்டுப் போட்ட சிப்பாய் ஒருவன், நெற்றியெல்லாம் சிவப்புச் சாயத்தோடு செத்துக் கிடக்கிறான். முகத்தைப் பார்த்தால் நம் தமிழ் ஆள். மூன்று படம் எடுத்து, லுசேர்ணில் இருக்கும் சித்திக்கு உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். செத்தவனிடம் யார் அனுமதி கேட்பார்கள்? அவன் வயிறு ஏறி இறங்குவதைக் கண்ட பிறகுதான் உறைக்கிறது.

"தம்பி, படம் எடுக்கலாமோ?" என்று குனிந்து கேட்கிறேன்.

பிணம் ஒரு கண்ணைத் திறக்கிறது. "எடுங்கோ அண்ணை, முகம் மட்டும் வேண்டாம். அம்மா ஊரில உண்மையான சண்டைக்குள்ள இருந்து தப்பி வந்தவ. நான் லைப்ரரியில படிக்கிறனெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. விளையாட்டுக்குச் செத்தாலும் தாங்கமாட்டா."

"ஓம் ஓம், முகம் எடுக்கமாட்டன்," என்று நல்ல பிள்ளையாக அவன் முகத்தைத் தொப்பியால் மூடிவிட்டு, காலில் மாட்டியிருக்கும் சப்பாத்துகளைப் படம் எடுக்கிறேன்.

சித்தியின் பதில் வருகிறது: "இது ஊஸ்டர் டவுனில இருக்கிற ராணி அக்காவின்ர மகனெல்லோ! நெத்தியில என்ன காயம்? அக்காவுக்கும் அனுப்பிப்போட்டன்."

பிணத்தின் கோட்டுப் பைக்குள் கைபேசி அடிக்கத் தொடங்குகிறது.