தம்பிக்குக் கொடுக்காத பந்து

வாலிபாலில் ஸ்மாஷ் அடிக்கிறவனுக்குத்தான் கைதட்டல். பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டருக்குத் திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அபுதாபி பக்கம் ருவைஸில், கம்பெனி லேபர் கேம்பில் பல வருஷமாக நான் வாங்கிக் கட்டிக்கொள்வது அதைத்தான். பகலில் பைப் ஃபிட்டர், சாயங்காலம் செட்டர். ஒவ்வொரு பந்தும் என் விரலுக்கு வந்துதான் போகும். அதை யாருக்குக் கொடுப்பது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். தோற்றால் அந்த முடிவுதான் காரணம் என்பார்கள்.

என் தம்பி அடிக்கிறவன். எங்கள் மேனேஜருக்கு வாலிபால் பைத்தியம். ஊரில் தம்பி ஆடிய வீடியோவை என் போனில் பார்த்துவிட்டு, அவனைக் கூட்டி வா என்றார். ஹெல்பர் விசாவில் வந்தான். ஆனால் அவன் வந்தது ஆடத்தான் என்று கேம்பில் எல்லோருக்கும் தெரியும். சைட்டில் லேசான வேலை, மெஸ்ஸில் கூடுதலாக ஒரு முட்டை. வயிறெரிந்தவர்களும் உண்டு, எரியட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா போனில் பேசும்போதெல்லாம், "தம்பியப் பாத்துக்கப்பா" என்பாள். பார்த்துக்கொண்டேன். அதுதான் வினையாய்ப் போயிற்று.

போன குளிர்காலத்தில் அவனுடைய வலது தோள் கெட்டுவிட்டது. சட்டையைக் கழற்றக்கூட நான் உதவ வேண்டியிருந்தது. இப்படியே அடித்துக்கொண்டிருந்தால் பிறகு கையைத் தூக்கவே வராது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "யார்ட்டயும் சொல்லிராதண்ணே. ஆட முடியலன்னு தெரிஞ்சா விசாவப் புதுப்பிக்க மாட்டாங்க" என்று கெஞ்சினான். அப்போதுதான் அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து கேம்புடன் இறுதிப் போட்டி. மேனேஜர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி வலையோரம் நின்று, "அண்ணே, எனக்கு! அண்ணே!" என்று கத்திக்கொண்டே இருந்தான். நான் எல்லாப் பந்தையும் வலையின் மறுமுனையில் நின்ற எங்கள் பஞ்சாபி வெல்டருக்கே கொடுத்தேன். தம்பி ஒவ்வொரு முறையும் எம்பிக் குதித்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினான். "கூடப்பொறந்தவனுக்கே புடிக்கல போல" என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். ஆட்டம் மட்டும் நடக்காமலிருந்தால் சொன்னவனை அறைந்திருப்பேன். கடைசிப் புள்ளியையும் பஞ்சாபிதான் அடித்தான். ஜெயித்தோம்.

மேனேஜர் என் முதுகில் தட்டினார். தம்பி அடிக்காமலே ஜெயிக்கலாம் போலிருக்கே பாய் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நானும் அசடு மாதிரி சிரித்து வைத்தேன். அடுத்த மாதம் தம்பியின் விசா முடிந்தது. புதுப்பிக்கவில்லை. ஆபீசில் போய் நின்றேன். தோள் விஷயத்தைச் சொன்னால் இன்னும் மோசம், சொல்லாமல் எதைச் சொல்வது? "கலாஸ்", அவ்வளவுதான் என்று அரபியில் முடித்துவிட்டார்கள்.

அபுதாபி ஏர்போர்ட் வரை கூடவே போனேன். வாசலில் இறங்கியதும் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"உன் கையக் காப்பாத்தத்தான்டா..."

"தெரியும்ணே. வலிச்சது என் கை. போனது என் விசா. அடிக்கிறியா, வேணாமான்னு என்னய ஒரு வார்த்த கேட்டியா?"

இன்றைக்கும் அதே பந்து வந்தால் அவனுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அன்று அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியை நான் எடுத்து வருகிறேன் என்று கையை நீட்டினேன். அவன் தரவில்லை. அந்த வலது கையாலேயே தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.