மகளின் பேரில் மாமியாரின் பாதி

என் மகளின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதில் பாதி என் மாமியாரின் பேர். மாமியார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கையால் எழுதலாமா என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அதையெல்லாம் தானாக முடிவு பண்ணுகிற தைரியம் எங்கிருந்து வரும்? ஒரு பூவின் பேர் என்று மட்டும் சொல்கிறேன். வெள்ளையாக இருக்கும், வாசமாக இருக்கும். கல்யாணமான பிறகு மூணாறு சந்தையில் அந்தப் பூவை வாங்க வேண்டும் என்றாலும், "அந்த வெள்ளைப் பூ குடுங்க" என்றுதான் கேட்பேன். பூக்காரர் ஒவ்வொரு தடவையும் சம்பங்கியை எடுப்பார். நானும் பேசாமல் சம்பங்கியையே வைத்துக்கொண்டு வருவேன்.

நான் பிறந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கடலைக் காட்டு நடுவில். கட்டிக்கொடுத்தது மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவர்கள் குடும்பமும் எங்கள் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம்தான். ஆனால் மாமியார் லயத்திலேயே பிறந்து, சுற்றிலும் தெற்கத்திக்காரர்களோடு வளர்ந்ததில் பேச்சு முழுக்க அவர்கள் பேச்சாகிவிட்டது. லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் இருந்து "நூறு வயசு" என்பார்கள். ரகசியம் என்று ஒன்று வைத்துக்கொள்ள வழியே இல்லை.

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகி நாலு வருசம் கழித்து எனக்குப் பெண் பிறந்தது. அந்த நாலு வருசமும் நான் கவலைப்படாத விசயம் கிடையாது. குழந்தை பிறக்காதோ என்று கவலைப்பட்டேன். உண்டானதும், மலை ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி ஏதாவது ஆகிவிடுமோ என்று கவலைப்பட்டேன். பிறந்த பிறகு கைவிரல் கால்விரல் எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக எண்ணினேனா என்று கவலைப்பட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபோதுதான் பேர் பிரச்சினை வந்தது.

மாமியாருக்கு அதில் சந்தேகமே இல்லை. "மூத்த பொண்ணுக்கு அப்பனப் பெத்தவ பேரு. இதுல பேச என்ன இருக்கு?" என்றார். தோட்டத்தில் கொழுந்து எடுத்து, வயதாகி வேலையிலிருந்து நின்றவர். கை சும்மா இருக்காது, வாயும்தான்.

என் அப்பாவுக்கும் சந்தேகம் இல்லை. உடுமலைப்பேட்டை வந்து, பஸ் மாறி, மறையூர் வழியாக மலையேறி, ஒரு கையில் கடலை மூட்டையும் இன்னொரு கையில் மறையூர் வெல்லமுமாக வந்து இறங்கினார். உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்கு முன்னாலேயே, "சம்பந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. நாலு வருசமா நான் எங்க கொலசாமிகிட்ட மண்டிபோட்டுக் கெடந்தனுங்க. பொண்ணு பொறந்தா அம்மன் பேரைத்தான் வெக்கிறேன்னு வேண்டிக்கிட்டனுங்க" என்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வேண்டிருக்கலாம்ல சம்மந்தி?"

"வேண்டுதலுக்கு யாருங்க முன்கூட்டியே சொல்லிட்டு வேண்டுவாங்க?"

இரண்டு பேரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தேயிலை ஃபேக்டரியில் பெட்டி அடைக்கும் பகுதியில் வேலை பார்த்தார். சண்டை என்றால் அவருக்கு ஷிப்டு ஞாபகம் வந்துவிடும். "சங்கு ஊதிருச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சங்கு ஊதவே இல்லை.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியாது. எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். மாமியார் பேரை வைத்துவிட்டால் நான் என் மகளை எப்படிக் கூப்பிடுவது? எங்கள் ஊரில் ஒரு சித்தி இருந்தார். அவர் மகளுக்கு மாமியார் பேர். சித்தி அவளை "பாப்பா" என்றே கூப்பிட்டார். பாப்பாவுக்குக் கல்யாணம் ஆனது, பாப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, பாப்பாவுக்குக் கண்ணாடி போட்டார்கள். கடைசி வரைக்கும் பாப்பாதான். நான் நாலு வருசமாக வராத ஒரு பிள்ளையை மனசுக்குள் எத்தனையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தவள். வந்த பிள்ளையை வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட முடியாது என்றால் எப்படி இருக்கும்?

வழி சொன்னது தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ். கோட்டயம் பக்கத்து அம்மா. அவர் சட்டையில் குத்தியிருந்த பேர்ப்பலகையில் இரண்டு பேர் இருக்கும், நடுவில் ஒரு சின்னக் கோடு. அங்கே இரண்டு நர்ஸ் வேலை செய்கிறார்கள், ஒரே பலகையை மாற்றி மாற்றிக் குத்திக்கொள்கிறார்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். குழந்தையை எடை பார்க்கக் கொண்டுபோனபோது, என் முகத்தைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார்.

"அய்யோ, இதுக்கா இத்ர பிரயாசம்? ரெண்டு பேரும் வெக்கணும். நடுவில ஒரு வர, சின்னக் கோடு. என்னைப் பாத்தில்லையா?" என்று பேர்ப்பலகையைத் தட்டிக் காட்டினார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைக் காட்டி, "சர்க்காரு குட்டிகள் அதிகம் வேண்டாம்னு சொல்லுது. பேரு அதிகம் வேண்டாம்னு சொல்லலை" என்றார்.

அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் சாயந்தரம் அவர் ஃபேக்டரியிலிருந்து ஒரு பலகைத் துண்டு கொண்டுவந்தார். தேயிலைப் பெட்டியில் கிரேடு எழுதும் கறுப்பு மையால் இரண்டு பேரையும் எழுதி, நடுவில் ஒரு கோடு இழுத்திருந்தார். அப்பா அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கடலை மூட்டையோடு வாராவாரம் வேலந்தாவளத்தில் எல்லையைத் தாண்டி கோயமுத்தூர் போகிறவர்.

"ஏனுங் மாப்ள, பேருக்கு நடுவுல எதுக்குங்க செக்போஸ்ட்டு?"

"செக்போஸ்ட்டு இல்ல மாமா. ரெண்டையும் சேக்குறதுக்கு."

"சேக்கறதுக்குக் குறுக்க கட்டைய நீட்டுவாங்களாக்கும்!"

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார். மகன் காட்டினார். கோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டாவதாக இருந்தார் மாமியார். விரலால் தன் பேரை மெதுவாகத் தடவினார். பிறகு அந்த விரலாலேயே பலகையைத் தட்டினார்.

"ஏன், நான் பின்னாடி நிக்கணுமோ?"

"சாமிக்குப் பொறகுதானுங்க மனுசரு" என்றார் அப்பா.

"சாமி கோவிச்சுக்காது சம்மந்தி. நான் கோவிச்சுக்குவேன்."

பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் இடம் மாற்றி எழுதினார்கள். முதலில் மாமியார், கோடு, அப்புறம் அம்மன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. சபையில் முழுப் பேர் இருக்கட்டும், நான் பாட்டுக்குப் பின்பாதியைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தச் சின்னக் கோடு எனக்காகவே போட்ட மாதிரி இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். நான் நன்றாகத் தூங்கினாலே மறுநாள் ஏதாவது வரும்.

மறுநாள் மாமியார், பேர் வைக்கிற அன்று காதில் பேரை நீதான் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சொன்னார். எங்களில் குழந்தையின் அத்தைதான் சொல்வாள். என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது.

"நீங்களே சொல்லிடுங்க அத்தை" என்றேன்.

"என் பேர நானே சொல்லிக்கிட்டா பாக்குறவ சிரிக்க மாட்டாளா? பெத்தவ நீ, நீதான் சொல்லணும்."

முப்பது நாள் கழிந்து பேர் வைத்தோம். லயத்தில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்குள், மீதிப் பேர் வாசலில். அடுப்பில் பாயசத்துக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது. குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். வெற்றிலையைக் காதோரம் மறைத்துப் பிடித்து, மூன்று தரம் பேரைச் சொல்ல வேண்டும். நான் குனிந்தேன். முன்பாதிக்கு உதட்டை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்றேன். பின்பாதியை நன்றாகச் சொன்னேன்.

"ஏ புள்ள, முன்னாடி ஏதோ வண்டு கத்துன மாதிரி கேட்டுச்சு?" என்றார் மாமியார்.

வாசலில் சிரிப்பு. நான் நிமிரவே இல்லை.

"அங்கன என் பேரு இருந்துச்சே, அது எங்க போச்சு?"

"அத்தை, நான் எப்படிங்க அதை..."

"பச்சப் புள்ள காதுல பாதிப் பேர ஊதுனா, பாதிக் காதுதான் கேக்குமாம்."

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கேயும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் என்னைத் தெரிந்தவர் அவர். என் பிள்ளைக்குக் காது கேட்காமல் போய்விடுமோ என்கிற கவலை ஒரு நொடியில் வந்து, மற்ற பயத்தையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் நின்றது. அப்பாவைப் பார்த்தேன். "சொல்லீரு கண்ணு, அவியளே சொல்றாங்கல்ல" என்றார். குனிந்து முழுப் பேரையும் சொன்னேன். குரல் உடைந்து, யாருக்கும் கேட்காத மாதிரி வந்தது. வானம் இடிந்து விழவில்லை.

"பால் பொங்குது, பால் பொங்குது" என்று யாரோ கத்த, மாமியார் எழுந்து அடுப்புக்கு ஓடினார். மூன்றாவது தரம் நான் சொன்னபோது அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உடைந்த குரலைச் சரிப்படுத்த நினைத்து நான் கொஞ்சம் அழுத்திவிட்டேன்போல. முன்பாதி கூப்பாடு மாதிரி வெளியே வந்தது. நாலாவது வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"இருக்கேன்யா!" என்றார் மாமியார் அடுப்படியிலிருந்து. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு வாசலில் நின்ற கொழுந்துக்காரப் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியும். காலையில் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடி நிற்கும்போது, கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அப்போது இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்தக் குரலுக்கு அப்படிப் பதில் சொல்லியே பழகியவர் மாமியார். மாமியாரும் கரண்டியைப் போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் அப்பா சிரித்ததில் தோள் துண்டு கீழே விழுந்தது.

எல்லாரும் போன பிறகு, மாமியார் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். "உன் மாமனாரு என்னைக்கி என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு? ஏ புள்ளதான். இவனுக்கு நான் அம்மா. உனக்கு அத்தை. கங்காணி ஒருத்தன்தான் தெனம் கூப்பிட்டான். நான் வேலைய விட்டு நின்ன பெறகு அவன் எதுக்குக் கூப்பிடப்போறான்?" வருத்தமாகச் சொல்லவில்லை. பாயசத்தில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அதற்கப்புறமும் நான் பழக்கத்தை முழுசாக விடவில்லை. மாமியார் எதிரே இருந்தால் பின்பாதி, இல்லாவிட்டால் முழுப் பேர் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் நடக்கத் தொடங்கி, கையில் கிடைத்ததையெல்லாம் தண்ணீர் டிரம்முக்குள் போடுகிற வயசு வந்தது. அப்போதுதான் புதுச் சிக்கல். திட்ட வேண்டுமே, எந்தப் பாதியைச் சொல்லித் திட்டுவது? முன்பாதியைச் சொன்னால் மாமியாரைத் திட்டின மாதிரி. பின்பாதியைச் சொன்னால் அப்பாவின் குலசாமியைத் திட்டின மாதிரி. ஒரு நாள் அவள் தன் அப்பாவின் ஷிப்டுச் செருப்பை டிரம்முக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தபோது, "ஏய்... ஏய்... இந்தா..." என்று தடுமாறிக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"என்ன புள்ள மென்னு முழுங்குற? திட்டுறதுன்னாலும் பேரச் சொல்லித் திட்டு!"

திட்டினேன். முழுப் பேரையும் சொல்லி, கோட்டுக்கு முன்னால் இருப்பதைக் கொஞ்சம் பலமாகவே.