தலைவர் பைக்கில் மஞ்சள் துணி

அபோண்டி யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அடித்திருந்தால் ஒல்வேனிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அஹேரோ சந்தையில் பைக்குகளுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிறவள் அபோண்டி. நெல் கிடங்கை ஒட்டி ஒரு தகரக் கூரை, மின்சாரம் அளக்க ஒரு மீட்டர், ஒரு சால்டரிங் அயன், அவ்வளவுதான் கடை. வயரைச் சும்மா முறுக்கி விடமாட்டாள். ஈயம் வைத்து ஒட்டி, மேலே சிவப்பு உறை போடுவாள். அந்தச் சிவப்பைப் பார்த்தாலே அவள் வேலை என்று தெரிந்துவிடும்.

ஒல்வேனி, நான் வாடகை பைக் ஓட்டும் ஸ்டாண்டின் தலைவன். சாவு ஊர்வலம் என்றால் அவன் பைக்தான் முன்னால் போகும். இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், எல்லாம் அபோண்டி பூட்டிக் கொடுத்தது. மாமனார் செத்தபோது பிணவறை வாசலில் அரை நாள் பாட்டுப் போட்டுக் காத்திருந்தான். பிறகு நாற்பது பைக்குகள் கிளையொடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வர, மாமியார் வீட்டு வாசலை அடைந்தான். அங்கே பேட்டரி செத்துப் பாட்டு நின்றது. ஹாரனும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஊமைபோல உள்ளே போனதைப் பார்த்து மச்சினிகள் அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாளே புது பேட்டரி போட்டு, அதே மைக்கில் சந்தை முழுக்கக் கத்தினான்.

"அபோண்டி வயரு பேட்டரியத் தின்னுது! பொம்பள ஒட்டுன ஒட்டு! மாட்டிருக்கறவன் எல்லாம் இன்னைக்கே புடுங்கி எறிங்கடா!"

எறிந்தார்கள். மூன்று வாரம் அவள் கடைப்பக்கம் ஈ காக்கை இல்லை. மகனின் பள்ளிக்கூடப் பையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"எந்த வாயால சொன்னானோ அந்த வாயாலயே சொல்ல வைக்கிறேன். ஞாயித்துக்கெழம சர்ச் வாசல்ல நில்லு. யாராச்சும் வந்தா இருமு."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளே பிரசங்கம் நடந்தது. ஒல்வேனியின் பைக் மாமரத்தடியில் நின்றது. சாவி அவன் சட்டைப்பையில். அபோண்டி சீட்டைத் தூக்கி, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை வைத்தாள். சாவி இல்லாத பைக் தூங்க வேண்டும். இதுவோ விடாமல் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். விளக்கு ஃபியூஸ், ஒன்றும் மாறவில்லை. ஹாரன், மாறவில்லை. ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"ஆம்ப்ளிஃபயர எழுப்பற வயர நான் சாவியோட கட்டியிருந்தேன். சாவிய எடுத்தா அதுவும் படுத்துக்கும். இங்க பாரு."

சிவப்பு உறைக்குக் கீழே வயர் அறுந்திருந்தது. அறுத்த முனையை நேராக பேட்டரியில் முறுக்கி, மேலே ஒரு மஞ்சள் துணிக் கிழிசலைச் சுற்றியிருந்தார்கள். எனக்கு உடனே புரிந்தது. பிணவறை வாசலில் சாவியை வண்டியில் விட்டால் எவனாவது ஓட்டிக்கொண்டு போய்விடுவான். சாவி பையில் இருக்க வேண்டும், பாட்டும் பாட வேண்டும். பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிட்டதாக நினைப்பு. ஆம்ப்ளிஃபயர் விழித்தே கிடந்திருக்கிறது.

ஃபியூஸைத் திரும்பப் போட்டு, மீட்டர் இருந்த இடத்தில் ஒரு சின்ன பல்பை மாட்டினாள். மங்கலாக எரிந்தது. கைகட்டி நின்றாள்.

ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்தது.

"தலைவரே, சாவி எங்க?"

"பையில. என் வண்டிகிட்ட ஒனக்கென்ன வேல?"

"சாவி பையில. பல்பு ஏன் எரியுது? என் ஒட்ட அறுத்தது யாரு?"

"நீயே அறுத்திருப்ப! யாருக்குத் தெரியும்?"

அவன் மனைவி அக்கேயோ குனிந்து பார்த்தாள். மஞ்சள் துணியை விரலால் நீவினாள்.

"இது என் தலத்துணி. எலி கடிச்சிருச்சுன்னு சொன்னியே!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பாதிரியாரும் சிரித்தார். நான் மனசாரச் சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன்.

அபோண்டி பல்பைக் கழற்றி, பேட்டரி வயரைப் பூட்டி, மைக்கை நீட்டினாள். சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டாள்.

"அபோண்டி வேல சுத்தம்," என்றான் அவன், தரையைப் பார்த்து. "நாந்தான் அறுத்தேன்."

"இன்னொரு தடவ. சந்தைக்குக் கேக்கணும்."

சொன்னான். மூன்று தடவை சொன்னான்.

"சரி... இப்ப ஒட்டிக் குடு."

"மொதல்ல ஒம்பொண்டாட்டி தலத்துணிய ஒட்டிக் குடு, போ."

நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு மொத ஆளா என் வயரப் புடுங்கி எறிஞ்சது நீ. மூணு வாரமா நாள எண்ணிக்கிட்டிருக்கேன். ஒன்ன எதுக்கு காவலுக்கு நிக்க வச்சேன்னு நெனச்ச?"

மைக்கை என் கையில் திணித்தாள். கூட்டம் கலையாமல் நின்றது. ஒல்வேனி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

சொன்னேன். என் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன்.