காற்றுப் பக்கம் நின்றவர்

ரூஃபினோ கார்கமோ என் அக்காவின் கணவர். அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உஷுவாயாவில் எங்கள் தெருவில் பாதிப் பேரைப் போல அவரும் பல வருஷம் பாகங்களைப் பொருத்தி டி.வி. பெட்டி பூட்டும் தொழிற்சாலையில் திருகு முடுக்கியவர்தான். "பெட்டியப் பூட்டிப் பூட்டி அலுத்துப்போச்சு, உள்ள ஓடறத நானே எடுக்கப்போறேன்" என்று ஒருநாள் வேலையை விட்டார். கல்யாணங்களைப் படம் எடுத்தார். ஒரு மணப்பெண்ணின் முக்காடு காற்றில் பறந்தபோது அதன் பின்னாலேயே கேமராவோடு கடற்கரை வரை ஓடினார்.

"அத்தான், அதை எடுத்துக் குடுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"எடுத்துத்தானே குடுத்தேன், படமா!"

அந்தக் கையைத்தான் பாழாக்கினார்கள்.

குளிர்காலத்தில் பேரரசப் பென்குயின்களைப் படம் எடுக்க ஒரு குழு அண்டார்டிகா போனது. அத்தானும் ஓஸ்வால்தோவும் கேமரா. சமையலும் ரேடியோவும் நான். டைரக்டர் லெயான்ட்ரோ பாவுசா, புவெனோஸ் ஐரிஸ்காரர். எந்தக் குளிரிலும் விறைக்காத வாய்.

ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப மெல்லிய கையுறைதான் சரி. தடித்ததைப் போட்டால் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. மாதே என்கிற எங்கள் ஊர் இலைத் தேநீர் குடிக்கக் கெட்டிலை ஏற்றுவேன். அது கொதித்ததும் வாக்கி-டாக்கியில் "மாத்து!" என்பேன். வெளியே நிற்பவர் உள்ளே வருவார், உள்ளே இருப்பவர் போவார். என் குரல் கேட்காமல் யாரும் நகரக் கூடாது, ஷாட் கெட்டுவிடும்.

ஒருநாள் பனிப்புயல். வெளியே கேமராவோடு நின்றது அத்தான். பென்குயின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. காற்றடிக்கும் பக்கம் நின்றவை மெல்ல நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தன. கூடாரத்துக்குள் டைரக்டர் அதைத் திரையில் பார்த்துச் சொக்கிப்போயிருந்தார். கெட்டில் கொதித்தது. நான் எடுத்த வாக்கி-டாக்கியை அவர் பிடுங்கி ஆஃப் பண்ணினார்.

"பிரமாதமா வருது. இப்பப் போய் ஆள மாத்தாத."

"அங்க நிக்கறது மனுஷன், டைரக்டரே!"

"ஒரே ஒரு ஷாட், நெலிடா. நீ சூப்பப் பாரு."

பூட்ஸ் மாட்டிய ஓஸ்வால்தோவைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தார். அந்தத் தடியனும் உட்கார்ந்துகொண்டான்! நான் கத்தினேன், கெஞ்சினேன். மறுபடி ஏற்றிய கெட்டில் வற்றித் தீய்ந்ததும், கூடாரத்திலிருந்து கேமரா வரை கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானே வெளியே போனேன். அத்தான் நட்ட கம்பம் மாதிரி நின்றார். இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ஏன் அத்தான் வரல? அறிவில்லையா உங்களுக்கு?"

"நீ கூப்பிடலையே, நெலிடா" என்றார்.

கையுறையைக் கழற்றினால் விரல்கள் மெழுகாக வெளுத்திருந்தன. முகாம் டாக்டர் வலது கையில் மூன்று விரல் நுனிகளை எடுத்துவிட்டார். ஃபோகஸ் திருப்பும் விரல்கள்.

மறு வருஷம் குளிர்காலத்தில் எங்கள் ஊர் அரங்கில் படம் போட்டார்கள். பாவுசாவே பின்னணி பேசியிருந்தார்: "இங்கே யாரையும் காற்றில் விட்டுவிடுவதில்லை. முறை வைத்து மாறிக்கொள்கிறார்கள். மனிதன் கற்க வேண்டிய பாடம் இது." பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். எனக்குப் பூட்ஸைக் கழற்றி எறியலாம் போல இருந்தது. தன் ஷாட்டைப் பார்த்து அத்தானுக்கும் கண் கலங்கியது. அதைப் பார்த்து இன்னும் ஆத்திரம் வந்தது.

படம் முடிந்ததும் பாவுசா மேடையேறி, "உங்க ஊர் வீரர் ரூஃபினோ!" என்று கூப்பிட்டுக் கையை நீட்டினார். அத்தான் மேலே போனார். கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்தார், குலுக்குவதற்கு அல்ல. எல்லோரும் பார்க்கும்படி விரித்துக் காட்டினார்.

"வெளிய நல்ல காத்து. இப்ப உங்க முறை, டைரக்டரே. கையுறையக் கழட்டி வச்சிட்டுப் போய் நில்லுங்க. கெட்டில் கொதிச்சதும் நெலிடா கூப்பிடுவா."

பாவுசா மட்டும் சிரித்தார்.

நான் எழுந்து நின்றேன். "கூப்பிட மாட்டேன்" என்றேன்.