டெனிஸ்டனுக்குத் தைத்த போர்வை

அந்த ஃபோனை எடுத்தது கைருன்னிஸா. கேகாலை பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் அவளுடைய கணவர் அஸீஸ் தையல் கடை வைத்திருந்தார். 2007 கார்த்திகையில் ஒரு பின்னேரம், கொழும்பிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி அந்தக் கடைக்குப் பேசினார். தன்னிடம் வேலை செய்த டெனிஸ்டனைக் காலையில் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அவனுடைய அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். அம்மா நான்கடி தள்ளி உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஜொய்சி, அந்தச் சட்டையக் கீழ வைங்க" என்றாள் கைருன்னிஸா.

ஜொய்சிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. டவுனிலிருந்து ஆறு மைலில் இருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே பால் வெட்டிக்கொண்டிருந்தவள். விடியும்போது மரத்தடியில் நிற்பாள். பட்டையைக் கீறிச் சிரட்டை வைத்து, வடிந்த பாலைச் சேர்த்து ஸ்டோரில் ஊற்றிவிட்டால் தோட்டத்து வேலை முடிந்தது. பின்னேரம் பஸ் பிடித்துக் கடைக்கு வருவாள். காஜா, பொத்தான், ஓரம் மடிப்பது என்று கையால் தைக்கவேண்டியதெல்லாம் அவளிடம்தான் வரும். கணவன் தோமஸ் 1999இல் மலைச்சரிவில் பாம்பு கடித்து, லொறி கிடைக்கத் தாமதமாகி, வழியிலேயே இறந்துபோனான். மிஞ்சியது டெனிஸ்டன் ஒருவன்தான்.

அவனிடம் அடையாள அட்டை இல்லை. அதனால்தான் பிடித்தார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஜொய்சி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன். பிறப்பைப் பதிய தோமஸ் டவுனுக்குப் போன அன்று பதிவாளர் இல்லை. மறுவாரம் மழை. பிறகு ஞானஸ்நானம் கொடுத்து, கோயில் புத்தகத்தில் பெயர் ஏறியதும், அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள். பதினாறு வயதில் அட்டைக்கு எழுதிப் போட்டபோதுதான் அது போதாது என்று தெரிந்தது. பிந்திப் பதியலாம், அதற்கு நாலைந்து தடவை அலையவேண்டும் என்றார்கள். வருகிற மாதம் போகலாம் என்று மகன் சொல்வான். ஒரு நாள் வேலை போகுமே என்று அவளும் விட்டுவிடுவாள். கடைசியில் தோட்டத்து ஆபீஸ் கொடுத்த ஒரு கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனான்.

"நான் ஒரு நாலு நாள் அலஞ்சிருந்தா" என்று கடையில் அடிக்கடி சொல்வாள். மீதியைச் சொல்லமாட்டாள்.

ஆறு வாரம் அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. பங்குச் சுவாமி கடிதம் எழுதிக் கொடுத்தார். அஸீஸ் தனக்குத் தெரிந்த ஒரு பொலிஸ்காரரிடம் போய்க் கேட்டார். மார்கழிக் கடைசியில் ஒரு தபாலட்டை வந்தது. யாரோ சிங்களத்தில் எழுதியிருந்தார்கள்: இன்ன தடுப்பு முகாமில் இருக்கிறான், சனிக்கிழமைகளில் பார்க்க வரலாம்.

கொழும்பையும் தாண்டி இன்னும் இரண்டு பஸ் மாறவேண்டிய இடம் அது. பஸ் காசு சேர்த்து ஜொய்சி முதல் தடவை போனபோது மாசி பிறந்துவிட்டது. வாசலில் வெயிலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஜொய்சிக்கு முன்னால் நின்றவள் சீதாதேவி, கொடகவெலயில் சில்லறைக் கடை வைத்திருப்பவள். சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன அவளுடைய கணவர் பாலசுப்பிரமணியத்தையும் அப்படித்தான் பிடித்திருந்தார்கள். "மொத தடவையாக்கா?" என்று கேட்டாள். ஜொய்சி தலையாட்டினாள். "சோத்த வெளியிலேயே வச்சிருங்க. உள்ள விடமாட்டாங்க."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் டெனிஸ்டன் வந்து நின்றான். தலையை மொட்டையடித்திருந்தார்கள். "மகனே" என்று ஜொய்சி வாயெடுத்ததுமே காவலன் தடியால் மேசையைத் தட்டினான். சிங்களத்தில் பேசு, எனக்கும் விளங்கவேண்டும் என்றான்.

இரண்டு பேருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவன் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன். அவள் கடையில் பாதி நாள் சிங்களத்தில்தான் பேசுவாள். ஆனால் அவளுக்கும் மகனுக்கும் நடுவில் அந்த மொழி ஒருநாளும் வந்ததில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். கடைக்கு வந்த யாரோ ஒரு பையனிடம் சட்டைக்கு அளவு கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு. அடிக்கிறார்களா என்று கேட்க முடியவில்லை. அவன் இடது கையை மேலே தூக்கவேயில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் அவனாகச் சொன்னது ஒன்றுதான்: சீமெந்துத் தரையில் படுக்கிறோம், குளிர் எலும்புக்குள் போகிறது, ஒரு போர்வை கொண்டுவா.

வெளியே வந்ததும் அதைச் சீதாதேவியிடம் சொன்னாள்.

"புதுசு வாங்கிட்டு வந்துராதீங்கக்கா. நான் ரெண்டு வாட்டி புதுப் பெட்ஷீட் குடுத்தேன். ரெண்டும் அவருகிட்ட போகல. பழசா, ஒட்டுப்போட்டதா, எவனும் ஆசப்படாத மாதிரி ஒன்னு கொண்டாங்க."

மாசியில் ரப்பர் மரங்கள் மொத்தமாக இலை உதிர்த்துவிடும். பங்குனியில் மலை முழுவதும் செம்பு நிறத்தில் துளிர்க்கும். அந்த நாட்களில் பால் குறைவு, வெட்டும் குறைவு. கடையிலோ எதிர்மாறு. ஈஸ்டருக்கும் சித்திரை வருஷப்பிறப்புக்கும் சேர்த்து, தமிழர், சிங்களவர் எல்லோரும் துணி கொண்டுவந்து குவிப்பார்கள். மேசையடியில் வெட்டுத்துண்டுகள் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும்: பிள்ளைகளின் கவுன்களில் மிஞ்சிய பூப்போட்ட துணி, ரவிக்கைத் துண்டு, கிளிப்பச்சை, ஊதா, மஞ்சள், இரத்தச் சிவப்பு. மற்ற மாதங்களில் வெள்ளையும் நீலமுமாகப் பள்ளிக்கூட உடுப்புத்தான். கைருன்னிஸா கொஞ்சம் பெரிய துண்டுகளாகப் பார்த்து ஒரு பையில் சேர்த்து வைத்தாள்.

ஜொய்சி அவற்றைச் சாண் அளவுக்குச் சதுரமாக வெட்டினாள். நடுவில் தோட்டத்தில் கொடுத்த பழைய கம்பளியை வைத்தாள். அடிப்பக்கத்துக்குக் கோதுமை மாப் பையைப் பிரித்துக் கழுவிப் போட்டாள். கழுவியும் ஆலையின் பெயர் போகவில்லை. அவள் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் அஸீஸ், மெஷினில் அடித்துத் தருகிறேன் என்றார். "வேணாங்க நானா. மெஷின் தையல் ஒரு நூல் அறுந்தா மொத்தமா வந்துரும்" என்றாள். காம்பரா வாசலில், வெளிச்சம் இருக்கும்வரை உட்கார்ந்து கையால் தைத்தாள். முழங்கால்மேல் போர்வை நாளுக்கு நாள் கனத்தது.

யாரும் ஆசைப்படாதமாதிரி செய் என்றுதான் சீதாதேவி சொல்லியிருந்தாள். ஜொய்சியின் கை அதைக் கேட்கவில்லை. பச்சைக்குப் பக்கத்தில் எது நிற்கும், ஊதாவை எங்கே வைக்கலாம் என்று துண்டுகளைத் தரையில் பரப்பி மாற்றி மாற்றிப் பார்த்தாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிட்டது அந்த ஐந்து வாரம்தான். பக்கத்துக் காம்பராவில் இருந்த சின்னம்மா வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கலரா? செறைக்கா அனுப்புற, கலியாண வீட்டுக்கா?" என்றாள்.

"வருசம் பொறந்தது அவனுக்குத் தெரியணுமில்ல" என்றாள் ஜொய்சி.

வருஷப்பிறப்புக்கு முந்திய சனிக்கிழமை, மாப் பைப் பக்கம் வெளியே தெரியும்படி போர்வையை மடித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸெல்லாம் ஊருக்குப் போகும் சனம். மூன்று இடத்தில் சோதனைக்காக இறக்கி ஏற்றினார்கள். முகாம் வாசலுக்குப் போய்ச் சேரும்போது பத்தரை. பன்னிரண்டு மணிக்குப் பார்வை நேரம் முடிந்துவிடும்.

வாசலில் இருந்த அதிகாரி போர்வையைப் பிரித்து மேசைமேல் விரித்தான். ஒவ்வொரு சதுரமாகக் கையை வைத்து அமுக்கிப் பார்த்தான். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்தான். சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"கொட்டி கொடியா?" என்றான். புலிக்கொடியா என்று கேட்கிறான்.

ஜொய்சிக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியதும் அந்தத் துண்டைத் தொட்டுக் காட்டினாள். தையல் கடைத் துண்டு மஹத்தயா, வருஷத்துக்குப் பிள்ளைகளுக்குத் தைத்த கவுனில் மிஞ்சியது, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைத்தான் உடுப்பார்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது. அவன் முகம் மாறியது. போர்வையைச் சுருட்டி அவள் மார்பில் தள்ளினான். சிவப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது, எடுத்துவிட்டு வா என்றான்.

வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அங்கிருந்த சிங்களப் பெண் ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலும் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தாள். கணவரைப் பார்த்துவிட்டு வந்த சீதாதேவியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சிவப்புச் சதுரங்கள் பதினொன்று இருந்தன. ஜொய்சியின் தையல் நெருக்கமானது, சுலபத்தில் பிரியாது. நூலைப் பல்லால் இழுத்தாள். சதுரம் போன இடத்தில் கம்பளி பல்லிளித்தது. கடைக்காரி உள்ளே போய், ஆண்கள் உடுக்கும் பழைய நீலச் சாரம் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். மூன்று பெண்களுமாக அந்த ஓட்டைகளை அடைத்தார்கள். ஜொய்சி தன் வாழ்நாளில் அவ்வளவு கோணலாகத் தைத்ததில்லை.

முடித்துக்கொண்டு ஓடும்போது பன்னிரண்டு பத்து. போர்வையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பார்க்க விடவில்லை. சாமான் கிடைத்தது என்று கைதி ஒப்பம் வைத்த துண்டு திரும்பி வரும் என்பதால் மதிலோரம் நின்றாள். இரண்டு மணிக்குக் காவலன் வெளியே வந்து, போய்விட்டு அடுத்த மாதம் வா என்றான்.

அடுத்த மாதம் போனாள். புத்தகத்தைப் புரட்டிய எழுத்தர், அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை, மாற்றிவிட்டார்கள் என்றார். எங்கே என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். மறுபடி கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கம்பி வலையில் கணவரிடம் பேசிவிட்டு வந்த சீதாதேவி, ஜொய்சியைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள். "வியாழக்கெழம கொண்டு போயிட்டாங்களாம்க்கா. நீங்க போர்வை கொண்டாந்த சனிக்கு முந்துன வியாழன். அன்னைக்குக் காவக்காரன் பக்கத்துலயே நின்னதால அவரால எங்கிட்ட சொல்ல முடியலயாம்."

ஜொய்சி மதிலில் சாய்ந்தாள். வாசலில் அந்த அதிகாரியிடம் கெஞ்சும்போதே, அந்தப் பதினொரு சதுரத்தையும் பிரிக்கும்போதே, மகன் அங்கே இல்லை.

"போர்வை?"

"உள்ள வந்துச்சாம். மன்னார்ப் பையன் ஒருத்தனுக்குக் காய்ச்சலாம், அவன்தான் போத்திக்கிறானாம்." சீதாதேவி அவள் கையை விடாமல், "அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பாதானேக்கா" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் ஜொய்சி. "அது எம்புள்ளைக்குத் தச்சது. வாங்கிக் குடு தங்கச்சி. உம் புருசங்கிட்ட சொல்லி வாங்கிக் குடு."

அதை வாங்கிக் கொடுக்க யாராலும் முடியாது என்று அவளுக்கே தெரியும். இருந்தும் பஸ் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அதற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் அந்தக் காய்ச்சல்காரப் பையன்மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் அதைச் சொன்னதாகக் கைருன்னிஸாவிடம் ஒருமுறை சொன்னாள்.

அடுத்த வருஷம் பங்குனியில் கடை மறுபடி நிறங்களால் நிறைந்தது. பிள்ளைகளின் கவுன்களுக்கு ஓரம் மடிக்க ஜொய்சியால் முடியவில்லை. எனக்கு வெள்ளைச் சட்டை மட்டும் கொடுங்க என்று கேட்டாள். அஸீஸ் அப்படியே செய்தார்.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது என்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். பஸ்ஸை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். கொடுத்தவள் ஜொய்சியிடம் ரவிக்கைக்குப் பொத்தான் வைக்கக் கொடுப்பவள்தான். இனி எல்லாம் சரியாகிவிடும் அக்கே என்று சிங்களத்தில் சொல்லி, வாழையிலைத் துண்டோடு கையில் வைத்தாள். ஜொய்சிக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. யுத்தம் இல்லையென்றால் பிடித்தவர்களை என்ன செய்வார்கள், விடத்தானே வேண்டும்? காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

ஆடியில் பாலசுப்பிரமணியத்தை விட்டார்கள். வந்த ஒரு வாரத்தில் மனைவியோடு கேகாலைக்கு வந்தார். கம்பி வலையில் சொல்ல முடியாததைத் தையல் கடையில் உட்கார்ந்து சொன்னார். அந்த வியாழக்கிழமை ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கைகளைப் பின்னால் கட்டினார்கள். வெள்ளை வாகனம் ஒன்று நின்றது.

ஜொய்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நடந்து போனானா, தூக்கிட்டுப் போனாங்களா?" என்றாள்.

"நடந்துதாங்க போனான்."

"ஏதாச்சும் சொன்னானா?"

"சொல்ல விடலங்க."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அவர்களை பஸ் ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம் அந்த வருஷத்தில் ஐந்து அலுவலகங்களுக்குப் போனாள். நான்கில் எழுதிக்கொண்டார்கள். ஒன்றில், பிள்ளை வெளிநாட்டுக்குப் போயிருக்கலாம் என்றார்கள். எங்கிருந்தும் பதில் வரவில்லை.

கார்த்திகையில் இறந்தோர் திருநாள். பூசையில் வாசிப்பதற்காக ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்களின் பெயர்களை உபதேசியார் எழுதி வாங்குவார். கோயில் மேசைக்கு முன்னால் ஜொய்சி வந்து நின்று, "தோமஸ்" என்றாள். அவர் எழுதினார். பேனாவை எடுக்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு பேருதானாம்மா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜொய்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னுதாங்க" என்றாள்.